அளவறிந்த ஓட்டம்

மான் உயிர் காக்க ஓடுகின்றது. வேங்கை இரை பற்ற ஓடுகின்றது. மனிதனும் முற்காலத்தில் இவ்விரண்டின் பொருட்டே ஓடினான். ஆயினும், தொலைவைக் குறித்துக்கொண்டு, காலத்தை அளந்துகொண்டு, நேற்றைய தன்னோடு இன்றைய தானே போட்டியிட்டு ஓடுதல் மக்களுக்கே உரிய செயலாகும்.

அவ்வாறு ஓடுவோர் இருதிறத்தினர். பரிசிலும் புகழும் பெறுதற்பொருட்டு ஓடுவோர் ஒருதிறத்தினர். அவர்கள் மிகச் சிலர். உடல்நலமும் உள்ளக் கிளர்ச்சியும் பெறுதற்பொருட்டு ஓடுவோர் மற்றொரு திறத்தினர். இவர்களுள் ஆசிரியரும் உளர், செவிலியரும் உளர், அலுவலகப் பணியாளரும், பிள்ளை பெற்று வளர்க்கும் தாய்மாரும், பேரன் பேத்தி கண்ட முதியோரும் உளர். இவ்விரண்டாம் திறத்தினருள் மகளிரைப் பற்றியே இப்பாடத்தில் சிறப்பாகக் காண்போம். நெடுந்தொலைவு ஓடும் உரிமையை அவர்கள் எவ்வாறு பெற்றனர்? எவ்வேகத்தில் ஓடுதல் நன்று? இடைவிடாது ஓடச் செய்யும் ஊக்கம் எங்கிருந்து பிறக்கின்றது? இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

இன்று மகளிர் ஓடுவதைக் கண்டு வியப்பார் இலர். ஆனால், நூறாண்டுகட்கு முன்னர் நிலைமை வேறு. 1928ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. மகளிர்க்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக அங்குச் சேர்க்கப்பட்டது. ஜெர்மானிய நாட்டு லீனா ராட்கே என்பவர் 2 நிமிடம் 16.8 நொடியில் ஓடி முதலிடம் பெற்றார். இறுதி ஓட்டத்தில் கலந்துகொண்ட ஒன்பதின்மரும் இலக்கை அடைந்தனர். ஆயினும், செய்தித்தாள்கள் சில, பெண்கள் பலர் களத்திலேயே சுருண்டு விழுந்தனர் என்றும், சிலர் ஓட்டத்தை முடிக்கவே இல்லை என்றும் எழுதின. ஓடி முடித்தபின் களைத்து நிற்பதும் தரையில் சாய்வதும் ஆடவரிடத்தும் காணப்படும் இயல்பே. அதனை ஆடவரிடத்துக் கண்டவர் முயற்சி என்றனர். மகளிரிடத்துக் கண்டவர் மென்மை என்றனர். இதன் விளைவாக மகளிரின் 800 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக் விளையாட்டுகளினின்றும் நீக்கப்பட்டது. 1960இல் ரோம் நகரில்தான் அது மீண்டும் இடம்பெற்றது. ஒரு பொய்ச்செய்தி முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு வாயிலை அடைத்து வைத்தது!

எண்ணூறு மீட்டருக்கே இந்நிலை என்றால், மராத்தான் எனப்படும் நெடுவோட்டத்தைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? மராத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர், அஃதாவது 26 மைலுக்குச் சற்று மிகுதியானது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் 1897இல் தொடங்கப்பெற்ற மராத்தான் ஓட்டம் உலகப் புகழ் வாய்ந்தது. அதில் ஓட விரும்பிய பாபி கிப் என்னும் இளம்பெண் 1966ஆம் ஆண்டில் விண்ணப்பம் வேண்டிக் கடிதம் எழுதினார். அத்தொலைவை ஓடும் உடலாற்றல் மகளிர்க்கு இல்லை என்று மறுமொழி வந்தது. கிப் மனம் தளரவில்லை. கலிபோர்னியாவினின்றும் பல நாள் பேருந்தில் பயணம் செய்து பாஸ்டனை அடைந்தார். ஓட்டம் தொடங்கும் இடத்தருகே புதரில் மறைந்து நின்றார். ஆடவர் கூட்டம் புறப்பட்டதும் அவர்களுள் ஒருவராகக் கலந்து ஓடலானார். உடன் ஓடிய ஆடவர், அவர் பெண் என்பதை விரைவில் உணர்ந்துகொண்டனர். ஆயினும் இகழ்ந்தாரல்லர், துணை நின்றனர். புதிய காலணி உராய்ந்து பாதங்கள் கொப்புளித்தன. இறுதி மைல்களில் அவர் வேகம் குறைந்தது. எனினும், 3 மணி 21 நிமிடம் 40 நொடியில் இலக்கை அடைந்தார். அன்று ஓடிய ஆடவருள் மூன்றில் இரு பங்கினர் அவருக்குப் பின்னரே வந்தனர்.

அடுத்த ஆண்டில் காத்தரின் சுவிட்சர் என்னும் கல்லூரி மாணவி அதே ஓட்டத்தில் கலந்துகொண்டார். தம் பெயரை முதலெழுத்துகளுடன் கே. வி. சுவிட்சர் எனப் பதிவு செய்திருந்தமையால், அவர் பெண் என்பது அலுவலர்க்குத் தெரியவில்லை. 261 என்னும் எண் அவருக்கு வழங்கப்பட்டது. ஓட்டம் தொடங்கிச் சில மைல்களுக்குள், அலுவலர் ஒருவர் ஓடிவந்து, அவர் ஆடையில் குத்தியிருந்த எண்ணைப் பறிக்க முயன்றார். உடன் ஓடிய நண்பர் அவ்வலுவலரை விலக்கினார். இந்நிகழ்ச்சியின் நிழற்படம் உலகெங்கும் பரவியது. அவ்வேளையில் சுவிட்சர் ஓட்டத்தை விட்டு விலகியிருப்பின், மகளிரால் இயலாது என்பார் கூற்று வலுப்பெற்றிருக்கும். அதனை உணர்ந்த அவர், எவ்வாறேனும் ஓடி முடிப்பது என உறுதி பூண்டு, ஏறத்தாழ 4 மணி 20 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

1972ஆம் ஆண்டில் பாஸ்டன் ஓட்டம் மகளிர்க்கு முறையாகத் திறந்துவிடப்பட்டது. மகளிர் எண்மர் ஓடத் தொடங்கினர். எண்மரும் இலக்கை அடைந்தனர். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மகளிர் மராத்தான் முதன்முறையாக நடைபெற்றது. அமெரிக்க நாட்டு ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் ஓடி வாகை சூடினார். 2024இல் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் மகளிர் மராத்தானுக்கு விழாவின் இறுதி நாளாகிய சிறப்பிடம் அளிக்கப்பட்டது. அவ்விழாவின்போது, பொதுமக்களாகிய ஆடவரும் பெண்டிரும் அதே வழியில் தாமும் ஓடி மகிழ்ந்தனர். புதரில் மறைந்து தொடங்கிய ஓட்டம் பெருஞ்சாலையின் நடுவே வந்துவிட்டது.

இனி, ஓடும் வேகத்தைப் பற்றிக் காண்போம். குறுந்தொலைவு ஓடுவார் தம் ஆற்றல் முழுவதையும் சில நொடிகளில் செலவிடலாம். நெடுந்தொலைவு ஓடுவார் அவ்வாறு செய்தல் ஆகாது. மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவிட்டவன் இறுதி வாரத்தில் இடர்ப்படுவான் அன்றோ? ஓட்டத்தின் கணக்கும் அத்தகையதே.

நம் தசைகள் இருவகைப் பொருள்களைக் கொண்டு இயங்குகின்றன. ஒன்று, உண்ட மாவுப்பொருளினின்றும் உண்டாகித் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படும் கிளைகோஜன், மற்றொன்று கொழுப்பு. கொழுப்பு மிகுதியாக உண்டு. ஆனால் அது மெல்லவே ஆற்றலைத் தரும். கிளைகோஜன் விரைந்து ஆற்றலைத் தரும். ஆனால் அதன் இருப்போ சிறிது. வேகம் மிகுந்தோறும் உடல் கிளைகோஜனையே மிகுதியாக எரிக்கின்றது. தொடக்கத்தில் அளவுமீறி விரைந்தவர்க்கு, மராத்தான் ஓட்டத்தில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்த நிலையில் அவ்விருப்பு வற்றிவிடும். அப்போது கால்கள் இரும்பெனக் கனக்கும், சிந்தனையும் தெளிவிழக்கும். இந்நிலையை ஓடுவோர் ‘சுவரில் மோதுதல்’ என்பர். கண்ணுக்குப் புலப்படாத சுவர் அது. அதனை எழுப்பியது பெரும்பாலும் அவர்தம் முதல் சில கிலோமீட்டர்களின் விரைவே.

மாணவர்களுக்கு எளிதில் விளங்குமாறு ஒரு கணக்கைக் கூறுவோம். 5 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓடும் ஆற்றல் உடையாள் ஒரு பெண் எனக் கொள்க. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்பதே அவளுக்குரிய அளவு. ஒருநாள் சுற்றியுள்ளோர் விரைவதைக் கண்டு, முதற் கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடிவிடுகின்றாள். மூச்சு வாங்குகின்றது. அடுத்ததற்கு 8 நிமிடமும், அதனை அடுத்ததற்கு 9 நிமிடமும், இறுதி இரண்டிற்குத் தனித்தனியே 10 நிமிடமும் ஆகின்றன. கூட்டிப் பார்த்தால் 43 நிமிடம். முதலில் மிச்சப்படுத்தியது 2 நிமிடம். பின்னர் இழந்தது 5 நிமிடம். இழப்பு அம்மட்டோடு நிற்பதன்று. மகிழ்ச்சியோடு தொடங்கியவள் வெறுப்போடு முடிக்கின்றாள். மறுநாள் ஓட எழுவதற்கே அவள் மனம் இசைவதில்லை.

ஆமையும் முயலும் ஓடிய கதையை அறியாதார் இலர். முயல் உறங்கியதனால் தோற்றது என்று கதை கூறும். நெடுந்தொலைவு ஓட்டத்திலோ முயல் உறங்காமலே தோற்பதுண்டு. தொடக்கத்தில் பாய்ந்த பாய்ச்சலே அதன் தோல்விக்குப் போதுமானது.

இவ்வகையில் மகளிரிடத்து ஒரு சிறப்பு காணப்படுகின்றது. அமெரிக்காவில் நடந்த 14 மராத்தான் ஓட்டங்களில் பதிவான ஏறத்தாழ 92,000 ஓட்ட நேரங்களை ஆராய்ந்து, அறிஞர் சிலர் 2015இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். முற்பாதியை நோக்கப் பிற்பாதியில் ஆடவரின் வேகம் சராசரியாக 15.6 விழுக்காடு தளர்ந்தது. மகளிரின் வேகமோ 11.7 விழுக்காடே தளர்ந்தது. இதற்கு உடலமைப்புக் காரணமாகலாம். தம் வலிமையை மிகைபட மதியாத மனப்பான்மையும் காரணமாகலாம். எவ்வாறாயினும், நெடுந்தொலைவுக்கு ஆற்றாதவர் என்று ஒருகாலத்தில் விலக்கப்பட்ட மகளிரே, அத்தொலைவில் தம் வேகத்தைச் சீராகக் காப்பதில் முன்னிற்கின்றனர் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

தன் அளவை ஒருவர் எவ்வாறு அறிவது? அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஓடும்போது உடன் வருவோரோடு முழு வாக்கியங்களாகப் பேச இயலுமாயின், அவ்வேகம் பயிற்சிக்கு ஏற்றது. ஓரிரு சொற்களுக்குமேல் பேச இயலாது மூச்சுத் திணறுமாயின், அவ்வேகம் அப்போதைக்கு மிகையானது. புதிதாகத் தொடங்குவோர் சற்று ஓடிச் சற்று நடத்தலும் தகும். 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சார்பில் ஓடிய ஜெஃப் காலோவே என்பவர், ஓட்டத்தினிடையே குறித்த இடைவெளிகளில் நடக்கும் முறையை ஆயிரக்கணக்கானோர்க்குக் கற்பித்தார். களைப்பு வருமுன்னரே நடப்பதனால் களைப்பு தள்ளிப் போகின்றது. நடத்தல் இழிவன்று, அளவறிந்தார் கையாளும் ஒரு கருவியே அது. திருவள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அரசர்க்கென அவர் உரைத்த அவ்வறிவு, ஓடுவார்க்கும் இன்றியமையாதது.

இனி, ஊக்கத்தைப் பற்றிக் கூறுவோம். வேகத்தில் சிறந்தவர்க்குப் பரிசில் உண்டு. அதனால் ஊக்கமும் உண்டு. பரிசில் பெறும் வாய்ப்பே இல்லாதார் விடியற்காலையில் எழுந்து ஓடுவது எதனால்? நார்வே நாட்டுக் கிரெட்டே வைட்ஸ் அம்மையாரின் வாழ்க்கை இதற்கு விடை கூறும்.

கிரெட்டே வைட்ஸ் ஆஸ்லோ நகரில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். 1978ஆம் ஆண்டு நியூயார்க் மராத்தானில் ஓடுமாறு அவரை அழைத்தனர். வெற்றி பெறுவார் என்று கருதி அழைத்தாரல்லர். தொடக்கத்தில் விரைந்தோடிப் பிறர்க்கு வேகம் காட்டும் முன்னோடியாகவே அழைத்தனர். அத்துணைத் தொலைவை அவர் அதற்குமுன் ஓடியதே இல்லை. இறுதி மைல்களில் பெரிதும் துன்புற்றார். எனினும் 2 மணி 32 நிமிடம் 30 நொடியில் ஓடி, அன்றுவரை மகளிருள் எவரும் எய்தாத நேரத்தை எய்தினார். 1988க்குள் அவ்வோட்டத்தில் ஒன்பது முறை முதலிடம் பெற்றார்.

ஆனால், அவர்தம் பெருமை அவ்வொன்பது வெற்றிகளோடு முடிவதன்று. நியூயார்க் மராத்தானை உருவாக்கியவர்களுள் ஒருவராகிய பிரெட் லெபோ என்பார்க்கு மூளையில் புற்றுநோய் கண்டது. தாம் வளர்த்த அவ்வோட்டத்தில் தாமும் ஓட விரும்பினார் அவர். 1992இல், அறுபது வயதினரான லெபோவின் அருகே, அவரது வேகத்திற்குத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வைட்ஸ் உடன் ஓடினார். 5 மணி 32 நிமிடம் கழிந்தபின் இருவரும் ஒன்றாக இலக்கை அடைந்தனர். இரண்டரை மணி நேரத்தில் ஓடக்கூடியவர் ஐந்தரை மணி நேரம் ஓடினார்.

அடுத்த ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. ஸோயி கோப்லோவிட்ஸ் என்னும் அம்மையார் கால்களைத் தளர்விக்கும் நரம்பு நோய் உடையவர். இரு ஊன்றுகோல்களின் துணையால் மராத்தான் தொலைவைக் கடப்பவர். அவர் இலக்கை அடைய ஏறத்தாழ ஒருநாள் முழுதும் ஆகும். ஏனையோர் எல்லாம் வீடு திரும்பி, வழியில் கட்டிய தோரணங்களும் அவிழ்க்கப்பட்டபின், இரவெல்லாம் நடந்து அவர் வருவார். 1993இல் வைட்ஸ் அவரை எதிர்கொள்ள இலக்கில் காத்திருந்தார். ஓடி முடித்தார்க்கு அளிக்கும் பதக்கம் ஒன்றேனும் அங்கு எஞ்சியிருக்கவில்லை. உடனே வைட்ஸ் தாம் தங்கியிருந்த விடுதிக்கு விரைந்து சென்று, தம் கணவர் பெற்றிருந்த பதக்கத்தைக் கொணர்ந்து கோப்லோவிட்ஸுக்கு அணிவித்தார். ஒன்பது முறை முதலில் வந்தவர், இறுதியில் வந்தவரைச் சிறப்பித்தார். முதலில் வந்தவரும் இறுதியில் வந்தவரும் கடந்த தொலைவு ஒன்றே என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஊக்கத்தின் பிறப்பிடம் இதனால் விளங்கும். பிறரை வெல்லுதல் ஒன்றே நோக்கமாயின், ஆயிரவருள் ஒருவர்க்கே ஊக்கம் கிட்டும். தான் குறித்த தொலைவைத் தனக்குரிய வேகத்தில் கடத்தல் நோக்கமாயின், ஆயிரவர்க்கும் அது கிட்டும். இலண்டன் மாநகரின் புஷி பூங்காவில் 2004ஆம் ஆண்டில் 13 பேர் கூடி 5 கிலோமீட்டர் ஓடினர். அதுவே பின்னர்ப் ‘பார்க்ரன்’ என்னும் பெயரால் பல நாடுகளில் பரவியது. வாரந்தோறும் கட்டணமின்றி நடைபெறும் அவ்வோட்டத்தில் அழகிய வழக்கம் ஒன்று உண்டு. தொண்டர் ஒருவர் எல்லாருக்கும் பின்னே நடந்து வருவார். அவரே இறுதியில் வருவதனால், ஓட வந்தோருள் எவரும் கடைசியாவதில்லை! கடைசியாகிவிடுவோமே என்று நாணி வீட்டிலிருந்த மகளிர் எத்துணையோ பேர்க்கு இவ்வழக்கம் கதவைத் திறந்துவிட்டது.

கூட்டுறவும் ஊக்கம் தரும். 1972இல் நியூயார்க் நகரின் நடுப்பூங்காவில் மகளிர்க்கென்றே ஓர் ஓட்டம் நடத்தப்பட்டது. அன்று ஓடியவர் 78 பேரே. இன்றோ அவ்வோட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கின்றனர். ஆஸ்லோ நகரிலும் வைட்ஸ் அம்மையாரின் பெயரால் 1984 முதற்கொண்டு மகளிர் ஓட்டம் நடைபெறலாயிற்று. தாயும் மகளும், தோழியும் தோழியும் அவற்றில் அருகருகே ஓடினர். தனியே ஓட அஞ்சும் இடத்திலும், பிறர் நோக்கிற்குக் கூசும் பொழுதிலும், துணை ஒருவர் இருத்தல் பெரும்பலமாகும். தோழி காத்திருப்பாள் என்னும் எண்ணம், உறக்கத்தை உதறச் செய்வதில் கடிகாரத்தினும் வலியது.

பயிற்சி தொடங்க விரும்பும் மாணவ மாணவியர் சிலவற்றை மனத்திற்கொள்ளல் வேண்டும். உடற்குறை உடையார் மருத்துவரைக் கலந்து தொடங்குக. நம் நாட்டு வெயில் கடுமையானது. ஆதலின் காலையிலோ மாலையிலோ ஓடுக. தேவையான நீர் பருகுக. வாரத்தில் மூன்று நாள் ஓடினும் போதும். ஆனால் அம்மூன்று நாளும் தவறாதிருத்தல் வேண்டும். தொலைவையும் நேரத்தையும் சிறு குறிப்பேட்டில் எழுதி வருக. அடுத்தவர் ஏட்டோடு அதனை ஒப்பிட வேண்டா. உமது சென்ற மாதத்து ஏட்டோடு ஒப்பிடுக. ஒருநாள் தளர்ந்தால் அதனைத் தோல்வி எனக் கருதிக் கைவிடற்க. அன்றைய உடலுக்கு ஏற்ற அளவு அதுவே எனக் கொள்க.

காத்தரின் சுவிட்சர் அம்மையார் 2017ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதில், பாஸ்டன் மராத்தானில் மீண்டும் ஓடினார். ஐம்பது ஆண்டுகட்குமுன் ஒருவர் பறிக்க முயன்ற அதே 261 என்னும் எண்ணை அணிந்து ஓடினார். அன்று எவரும் அவரைத் தடுக்கவில்லை. வழிநெடுகிலும் மக்கள் வாழ்த்தினர். 4 மணி 44 நிமிடம் 31 நொடியில் அவர் இலக்கை அடைந்தார். இருபது வயதில் ஓடிய நேரத்தோடு இதனை ஒப்பிட்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 35 நொடியே மிகுதி. ஐம்பது ஆண்டு முதுமை அவரிடம் பெற்ற விலை அவ்வளவே!

விரைவு சிலர்க்கு இயற்கை அளிக்கும் கொடை. அது வயதினால் குறையும். அளவறிதலும் இடையறாமையும் எவரும் பயின்று பெறக்கூடியவை. அவை வயதினால் வளரும். மகளிரால் இயலாது என்று கூறினார்க்குச் சொல்லால் விடை கூறியோர் பலர். ஆனால் அவ்விடையை மெய்ப்பித்தவை சீராக எடுத்து வைத்த அடிகளே. கல்வியும் தொழிலும் நெடுந்தொலைவு ஓட்டங்களே ஆகும். முதல் நாள் முழு இரவும் கண்விழித்து, மூன்றாம் நாள் நூலை மூடுவோரினும், நாள்தோறும் சிறிது நேரம் தவறாது கற்பார் நெடுந்தொலைவு செல்வர். ஆதலின், மாணவ மாணவியரே, உம் வலிமையை அறிமின்; அதற்கேற்ற வேகத்தை மேற்கொள்மின்; மேற்கொண்டதைக் கைவிடாது காமின்.